நாளுக்கு ஆறு சொட்டு

நோட்டீஸ் போர்டில் என் பெயரை
முதன்முறையாகப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்:
பி-204, ரோஸ்லின் செல்வமணி,
பார்க்கிங் தரையில் எண்ணெய்க் கறை,
அபராதம் ஐந்நூறு.

அன்றிரவே மிக்சி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
சான்ட்ரோவின் அடியில் விரித்தேன்.
காலையில் நான்கு சொட்டு.
மறுநாள் ஆறு.
வார்டில் பழகிய கை
வட்டம் போட்டுத் தேதியும் நேரமும் எழுதியது.
அறுத்துத் தைத்த வயிற்றிலிருந்து வரும் குழாயை
மணிக்கொருதரம் அளக்கிறவளுக்கு
இதெல்லாம் ஒரு வேலையா.

சிவாஜிநகர் ஜாவித் பாய்
குனிந்துகூடப் பார்க்கவில்லை.
"இன்ஜின் இறக்கணும் மேடம், பதினெட்டாயிரம்."
எங்கள் மருத்துவமனையிலும்
இப்படிச் சொல்கிற ஒருவர் உண்டு.
அவருக்குத் தனி அறை, ஏசி.

சொட்டுகிற இடம் கசிகிற இடமல்ல.
தோள் வலி என்று வருகிறவருக்குப்
பித்தப்பையில் கல் இருக்கும்.
ஞாயிறு மதியம், டீசல் தொட்ட பிரஷ்ஷால்
இன்ஜினைத் தேய்த்துக் கழுவி
உலர்ந்ததும் முகப் பவுடரை அள்ளித் தூவினேன்.
பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளை மாதிரி
வெள்ளை வெளேரென்று நின்றது.
ரிங் ரோட்டில் ஒரு ஓட்டம்,
ஹென்னூர் பாலத்தடியில் திரும்பி வந்து
பானட்டைத் தூக்கினால்
பவுடரில் ஒரு கறுப்புக் கோடு.
வால்வு கவரின் பின்மூலையில் புறப்பட்டு
புகைக்குழாயின் மேல் வழிந்து
யாரும் பார்க்காத வழியாகத்
தரைக்கு வந்திருக்கிறது.

ஜே.சி. ரோடு.
கேஸ்கெட் முந்நூற்று நாற்பது,
சீலன்ட் டியூப் நூற்றிருபது.
"மெக்கானிக் வரலையா?" என்று கடைக்காரர்
என் தோளுக்குப் பின்னால் தேடினார்.
நானும் திரும்பிப் பார்த்தேன்.
யாரும் வரவில்லை.

வாட்ச்மேன் போரோ டார்ச் பிடித்தார்.
அசாமில் படகு மோட்டார் பிரித்தவராம்.
அவர் பேசவில்லை,
தேவையான இடத்துக்கு வெளிச்சம் மட்டும் நகர்ந்தது.
பிளக் வயர்களுக்கு பிளாஸ்திரி ஒட்டி
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினேன்.
பத்தாம் நம்பர் சாக்கெட்டுக்கு
போல்ட்டுகள் அசைய மறுத்தன.
யாரோ முன்பு
கசிவுக்குப் பயந்து இறுக்கியிருக்கிறார்கள்.
கசிந்தது.
இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.
பிதுங்கி நசுங்கிய ரப்பர்
நாள்பட்ட அப்பளமாய் ஒடிந்து
துண்டு துண்டாகக் கையோடு வந்தது.

கவரைத் தூக்கியதும்
உள்ளே கேம்ஷாஃப்ட், தேன் நிறத்தில்.
பதினைந்து வருடம் இருட்டில் சுழன்றது
இன்று வேலையில்லாமல் பளபளத்தது.
"அரே" என்றார் போரோ.
அவ்வளவுதான் அன்று அவர் பேசியது.

காலாவதியான மெட்ரோ கார்டால்
பழைய பசையைக் கீறல் விழாமல் சுரண்டினேன்.
மூலைகளில் ஒரு பொட்டு சீலன்ட்.
பிறகு நடுவிலிருந்து வெளியே, எதிரும் புதிருமாக,
ஒவ்வொன்றும் கொஞ்சம்,
மறுபடி ஒவ்வொன்றும் கொஞ்சம்.
அளந்து இறுக்கும் ரென்ச் என்னிடம் இல்லை.
ஊசி போட்ட இடத்தில்
பஞ்சை அழுத்துவோமே, அந்த அளவு.
டார்ச் ஒருமுறை அணைந்து எரிந்தது.
நானும் அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

சீலன்ட் காய ஒரு ராத்திரி விட்டு
டியூட்டிக்கு பஸ்ஸில் போனேன்.

புதிய அட்டை.
செவ்வாய்: ஒன்றுமில்லை.
புதன்: ஒன்றுமில்லை, ஒரு பூனையின் காலடி.
இரண்டையும் எழுதி வைத்தேன்,
எழுதாதது நடக்காதது என்பது வார்டு விதி.
ஐந்நூறையும் கட்டிவிட்டேன்.
ரசீதில் நான் ரோஸ்லீன் செல்வராணி.

வியாழன் காலை ஹெப்பாள் சிக்னலில்
பானட் இடுக்கிலிருந்து மெல்லிய புகை.
பக்கத்து ஆட்டோக்காரர் பதறிக் கைநீட்டுகிறார்:
"மேடம், ஹொகே! ஹொகே!"
தெரியும்.
குழாயில் படிந்த பழைய எண்ணெய்
எரிந்து தீர்ந்துகொண்டிருக்கிறது.
புதிதாக ஒரு சொட்டும் விழவில்லை.
அவ்வளவையும் அவருக்குச் சொல்வதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.